ஐஸ்லாந்தில் வாடகைக் கார்: அக்டோபரில் அப்பா அம்மாவோடு வட்டச் சாலை, ஐந்து நாள் போதுமா?

சேலத்துக்காரன்

வணக்கம். ஆயுத பூஜை விடுமுறையோடு கொஞ்சம் லீவு சேர்த்து, அக்டோபர் நடுவில் ஐஸ்லாந்து போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஏழு வயது மகள், அப்புறம் அப்பா அம்மா. கெப்லாவிக் விமான நிலையத்திலேயே கார் எடுத்து, நாட்டைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் சாலையை ஐந்து நாளில் முடிப்பதாகத் திட்டம். மொத்தமே 1,320 கி.மீ. சொச்சம்தான். சென்னைக்கும் சேலத்துக்கும் இரண்டு தடவை போய் வந்தால் அந்தத் தூரம் வந்துவிடும். ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒவ்வொரு ஊரில் அறை பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கட்டவில்லை.

கேட்க வேண்டியவை: இந்திய லைசென்ஸ் போதுமா? வலதுபக்கம் ஓட்டிப் பழக்கமில்லை, சமாளிக்கலாமா? வாடகைக் கம்பெனிக்காரர்கள் இன்சூரன்ஸ் பட்டியல் ஒன்று நீட்டுகிறார்கள், அதில் எது அவசியம்? பெரிய நாலு சக்கர இழுவை வண்டி எடுக்கத்தான் வேண்டுமா?

டர்போ_துரை

தாராளமாகப் போய்ட்டு வாங்க பாஸ். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய ஆளுக்கு அங்கே என்ன இருக்கிறது? டிராஃபிக் இல்லை, ஆட்டோ இல்லை, எதிர்த்திசையில் லாரி வராது. ரோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு 260 கி.மீ. எல்லாம் ஒரு தூரமா? பெரிய 4×4 எடுத்துடுங்க, அப்புறம் எந்த ரோடாக இருந்தாலும் கவலையில்லை.

கணக்குப்பிள்ளை

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ரோமன் எழுத்தில் அச்சிட்டு, போட்டோவும் எண்ணும் இருக்கும் லைசென்ஸை ஐஸ்லாந்தில் ஏற்றுக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு கார்டில் இவை எல்லாமே உண்டு. ஆனாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் ஒன்று சொன்னாலும் கவுண்டரில் இருப்பவர் வேறொன்று கேட்பார், அவரோடு நள்ளிரவில் வாதாட முடியாது. உங்கள் ஆர்.டி.ஓ.விலேயே தருவார்கள், ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸ் இல்லாமல் அதைத் தனியாகக் காட்டினால் மதிப்பில்லை, இரண்டையும் கையில் வையுங்கள். இணையத்தில் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ், பத்து வருஷம் செல்லும்' என்று விற்பதெல்லாம் வெறும் பிளாஸ்டிக்.

இன்னொன்று, வண்டியை யார் பெயரில் எடுக்கிறீர்களோ அவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டை நிறைய இடங்களில் ஏற்பதில்லை. மனைவியும் ஓட்டுவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் அவர் பெயரைச் சேருங்கள். சேர்க்காத ஆள் ஓட்டி ஏதாவது ஆனால் எந்த இன்சூரன்ஸும் கை கொடுக்காது.

ரெய்க்யவிக்வாசி

இங்கேயே வேலை பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

துரை சொன்னதில் பாதி சரி. டிராஃபிக் இல்லை, லாரி குறைவு. ஆனால் இங்கே ஆளைக் கவிழ்ப்பது டிராஃபிக் கிடையாது, காற்று. நம் ஊரில் வண்டி ஓட்டும்போது காற்றைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டோம். ஐஸ்லாந்து வானிலை நிலையத்தின் இணையப் பக்கத்தில் காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று போடுவார்கள். 20 என்று பார்த்தால் சின்ன எண்ணாகத்தான் தெரியும். அது மணிக்கு 72 கி.மீ. மலையடிவாரத்தில் திடீரென்று அடிக்கும் வீச்சு அதற்கும் மேலே போகும். வாடகை வண்டி ஓட்டுகிறவர் 20 என்று கண்டால் அன்றைய பயணத்தை மறுபடி யோசிக்க வேண்டும். உயரமான வேன், கேம்பர் எடுத்தவர்கள் 15-லேயே யோசிக்க வேண்டும். தெற்கே ஓரைவி பகுதி, ரெய்க்யவிக்குக்கு வடக்கே க்யாலார்னெஸ், அதைத் தாண்டி ஹஃப்னார்ஃப்யாட்ல் மலையடிவாரம், இந்த மூன்றும் அதற்குப் பேர்போனவை.

உங்கள் திட்டத்தில் 1,320 கி.மீ. என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒவ்வொரு ஊரில் அறை போட்டிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருப்பார்கள். 'அறைக்குப் பணம் கட்டியாச்சு, நாளைக்கு அடுத்த ஊர் போயே ஆகணும்' என்று கிளம்புவார்கள். பயணிகள் புயலில் மாட்டிக்கொண்ட கதையைக் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். உள்ளூர்க்காரர்கள் இதைவிட லேசான காற்றுக்கே பயணத்தைத் தள்ளிப் போடுவார்கள்.

அக்டோபர் நடுவில் காலை எட்டே கால் வாக்கில்தான் சூரியன் வரும், சாயங்காலம் ஆறு மணி வாக்கில் போய்விடும். பத்து மணி நேர வெளிச்சத்துக்குள் ஓட்டவும் வேண்டும், அருவி பார்க்கவும் வேண்டும், அப்பா அம்மா மெதுவாக இறங்கி ஏறவும் வேண்டும்.

என்னைக் கேட்டால் வட்டச் சாலையை விடுங்கள். ரெய்க்யவிக்கிலிருந்து தெற்குக் கரையோரம் விக், அங்கிருந்து யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி வரை போய், அதே வழியில் திரும்புங்கள். நடுவில் ஒரு நாள் எந்த வேலையும் இல்லாமல் கிடக்கட்டும். காற்று அடித்தால் அறையிலேயே இருக்கலாம், அடிக்காவிட்டால் லாபம்.

டர்போ_துரை

காற்றுக்குப் பயந்து ரூமில் உட்காரத்தான் லட்சக்கணக்கில் செலவு பண்ணிப் போறாங்களா? நாலு சக்கர இழுவை, கனமான வண்டி, ஒன்றும் ஆகாது.

ரெய்க்யவிக்வாசி

துரை, நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்துவதற்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்தில்தான் பிரேக். பனி படிந்த தார்ச் சாலையில் சின்ன கார் எங்கே சறுக்குமோ அங்கேதான் பெரியதும் சறுக்கும். உயரமான வண்டியின் பக்கவாட்டுப் பரப்பும் அதிகம், காற்றுக்கு அது வசதி.

'எந்த ரோடாக இருந்தாலும்' என்பதும் ஆபத்தான பேச்சு. எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் மலைச் சாலைகளில் நாலு சக்கர இழுவை இல்லாமல் போகக் கூடாது. வழியில் பாலமில்லாத ஆறுகள் குறுக்கிடும். எந்த வண்டியாக இருந்தாலும் ஆற்றில் இறங்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் இன்சூரன்ஸ் கிடையாது, முழுப் பணமும் உங்கள் கையிலிருந்து. அக்டோபர் நடுவில் அந்தச் சாலைகளில் பெரும்பாலானவை மூடியோ மூடும் நிலையிலோ இருக்கும். சாலையை விட்டுப் பாசிப் படுகையில் ஏற்றுவது சட்டப்படிக் குற்றம், அபராதம் லட்சக்கணக்கான குரோனாவில் போகும். அந்தப் பாசி மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மைதிலி_ஃபிராங்க்ஃபர்ட்

வலதுபக்கம் ஓட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஐஸ்லாந்தும் ஒரு காலத்தில் நம்மைப் போல இடதுபக்கம்தான், 1968 மே 26-ல் ஒரே நாளில் மாற்றினார்கள். ஒரு நாடே மாறும்போது நீங்களும் மாறிவிடலாம், கவலைப்படாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியே எடுங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை. இடது கையால் கியர் போட்டுப் பழகிய ஆளுக்கு வலது கையால் போடுவது ஒரு பக்கம், சாலையைக் கவனிப்பது இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும். நம் ஊர் மாருதியிலும் ஹூண்டாயிலும் இண்டிகேட்டர் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஆடும், பின்சீட்டில் மகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஆனால் ஒரு விஷயம் விளையாட்டில்லை. நாம் வண்டியின் வலது ஓரத்தில் உட்கார்ந்தே பழகியவர்கள். இடது ஓரத்தில் உட்கார்ந்ததும், வண்டியின் மீதி அகலம் வலப்பக்கம் நீண்டிருப்பதைக் கண் மறந்துவிடும். நம்மை அறியாமல் வண்டி வலது விளிம்பை நோக்கிப் போகும். ஜெர்மனியில் விளிம்பில் இடம் இருக்கும். ஐஸ்லாந்தில் பல இடங்களில் தார் முடிந்தவுடன் சரளை, அதற்கடுத்து சரிவு. வலது சக்கரம் சரளையில் இறங்கியதும் பதறி இடது பக்கம் வெடுக்கென்று ஒடிக்கக் கூடாது. வண்டி உருளுவது அந்த நொடியில்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வேகம் குறைந்தபின் மெல்ல ஏற்றுங்கள். பக்கத்துச் சீட்டில் மனைவி இருந்தால் 'வலப்பக்கம் ஒட்டுது' என்று சொல்லும் வேலையை முதல் நாள் அவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலையை அம்மா கேட்காமலேயே எடுத்துக்கொண்டார்.

விமானத்திலிருந்து இறங்கிய கையோடு நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். முதல் ராத்திரி ரெய்க்யவிக், இல்லாவிட்டால் கெப்லாவிக்கிலேயே தங்குங்கள். ஏழு வயதுக்கு மகளின் உயரம் 135 செ.மீ. இருக்காது, அதனால் பூஸ்டர் இருக்கை சட்டப்படி கட்டாயம். வண்டியோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

பனிக்காடு

நான் நோர்வேயில இருக்கிறன், பிறந்தது யாழ்ப்பாணம். தம்பி, எல்லாரும் ஓடுறதைப் பற்றியே சொல்லினம், நான் கதவைப் பற்றிச் சொல்லுறன். சிரிக்காதேங்கோ.

ஐஸ்லாந்தில் வாடகை வாகனத்துக்கு வாற சேதத்தில் கதவுச் சேதம் பெரிய பங்கு. காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது கதவைத் திறந்தால் கையிலிருந்து பறிச்சுக்கொண்டு போய் முன்பக்கத் தகட்டோடு மடங்கிவிடும். பிறகு அது பூட்டாது. இதைக் காப்புறுதியில் பெரும்பாலும் சேர்க்கமாட்டினம். வாகனத்தின் முகம் காற்றைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கோ, அப்ப காற்று கதவைச் சாத்தத்தான் பார்க்கும். இரண்டு கையாலும் பிடிச்சு, ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும் திறவுங்கோ. வயதானவையும் பிள்ளையும் தாங்களாகத் திறக்கவே கூடாது. நீங்கள் இறங்கிச் சுற்றிப் போய்த் திறந்து விடுங்கோ. அம்மாவின் விரல் நசுங்கினால் பயணம் அன்றோடு முடிஞ்சுது.

கணக்குப்பிள்ளை

பனிக்காடு அண்ணன் சொன்னதிலிருந்து இன்சூரன்ஸுக்கு வருகிறேன். அடிப்படை மோதல் பாதுகாப்பு வாடகையோடு சேர்ந்தே வரும். ஆனால் குறிப்பிட்ட ஒரு தொகை வரை சேதம் உங்கள் தலையில். அந்தத் தொகையைக் குறைப்பதற்குத்தான் 'சூப்பர்' என்ற பெயரில் மேல்கட்டணம். புது ஊர், புது பக்கம் என்பதால் அதை எடுக்கலாம். சரளைப் பாதுகாப்பை விடாதீர்கள், எதிரே வரும் வண்டி தெறிக்கவிடும் கல்லில் கண்ணாடி விரிசல் விடுவது அங்கே சர்வசாதாரணம். மணல், சாம்பல் பாதுகாப்பு தெற்குக் கரைக்குப் போகிறவர்களுக்குப் பிரயோஜனம். விக் தாண்டி வரும் கருமணல் வெளியில் புயல் அடித்தால் வண்டியின் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி உரித்துவிடும். திருட்டுப் பாதுகாப்புக்குத் தனியாகக் காசு கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

எதை எடுத்தாலும் வண்டியின் அடிப்பாகம், ஆற்றுத் தண்ணீர், காற்றில் மடங்கிய கதவு, தப்பான எரிபொருள் ஆகியவை பொதுவாக வெளியேதான் நிற்கும். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை மட்டுமாவது நின்று படியுங்கள்.

சாவி வாங்கியதும் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ. சக்கர விளிம்பு, முன் கண்ணாடி, கூரை, கதவுக் கீல், எரிபொருள் முள், எல்லாம் அதில் வர வேண்டும். இருட்டாக இருந்தால் வெளிச்சமான இடத்துக்கு நகர்த்திவிட்டு எடுங்கள். என் நண்பர் ஒருவரிடம் ஒரு கம்பெனி, வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பல வாரம் கழித்து பம்பர் கீறலுக்குப் பணம் எடுத்தது. எடுக்கும்போதே இருந்த கீறல் என்று வீடியோ காட்டியதும் திருப்பிப் போட்டார்கள்.

சேலத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. கதவு விஷயமெல்லாம் கனவிலும் யோசிக்காதது. வட்டச் சாலையை விட மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு தூரம் போய்விட்டு அரை நாட்டோடு திரும்புவதா என்று மனைவி கேட்கிறாள். அப்பாவோ இணையத்தில் ஏதோ பாலத்து விபத்தைப் படித்துவிட்டு, டூர் பஸ்ஸிலேயே போகலாம் என்கிறார். அது என்ன பாலம்?

ரெய்க்யவிக்வாசி

அப்பா படித்தது அநேகமாக 2018 டிசம்பர் 27 விபத்தாக இருக்கும். தெற்கே ஸ்கெய்தாரார்சாந்தூர் மணல்வெளியில், நூப்ஸ்வோத்ன் ஆற்றின் மேலிருந்த ஒற்றைத் தடப் பாலத்தில், இந்திய வம்சாவளி பிரிட்டிஷ் குடும்பத்தினர் போன வண்டி தடுப்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள், அதில் ஒன்று கைக்குழந்தை. அந்த ஆற்றில் இப்போது இருவழிப் பாலம் கட்டிவிட்டார்கள்.

ஒற்றைத் தடப் பாலங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, முக்கியமாகத் தென்கிழக்கில். முன்னதாகவே 'ஐன்பிரெய்த் ப்ரூ' என்ற பலகையும், பல இடங்களில் மினுக்கும் மஞ்சள் விளக்கும் வரும். பலகையைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். பாலத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர் முதலில் போவார் என்பதுதான் வழக்கம். எதிரே வருகிறவரும் நம்மைப் போல வெளியூர்க்காரராக இருக்கலாம், அதனால் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். சந்தேகம் இருந்தால் நின்றுவிடுவதே மேல். மேட்டின் அந்தப் பக்கம் தெரியாத இடங்களில் 'ப்ளிண்த்ஹைத்' என்று பலகை இருக்கும், அங்கே வலப்பக்கமாக ஒட்டிப் போங்கள்.

வட்டச்சந்திப்பில் இங்கே ஒரு விசித்திரம். இரண்டு தடம் இருந்தால் உள்தடத்தில் இருப்பவர் வெளியேறும்போது வெளித்தடத்தில் இருப்பவர் அவருக்கு வழி விட வேண்டும். நகரத்தில் 50, சரளையில் 80, தார்ச் சாலையில் 90 கி.மீ. உச்சவரம்பு. கேமரா பிடித்தால் அபராதம் வாடகைக் கம்பெனி வழியாக, அவர்கள் கட்டணத்தையும் சேர்த்துக்கொண்டு உங்கள் கார்டுக்கு வரும். முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். சில வண்டிகளில் முன் விளக்கு மட்டும் தானாக எரியும், பின் விளக்கு எரியாது. சுவிட்சைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

அழகான இடம் வந்தவுடன் நடுரோட்டில் நிறுத்தும் வியாதி ஒன்று உண்டு. குதிரை, வானவில், ராத்திரியில் பச்சை ஒளி. நிறுத்துவதற்கென்று விட்ட இடம் வரும்வரை போங்கள். வடதுருவ ஒளியை ஓட்டிக்கொண்டே அண்ணாந்து பார்ப்பவர்களைக் கண்டால் இங்கே எங்களுக்கு வயிறு கலங்கும்.

டர்போ_துரை

சரி, காற்று விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் டூர் பஸ் மட்டும் வேண்டாம். பெரியவங்களுக்கு பாத்ரூம் போக நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

மைதிலி_ஃபிராங்க்ஃபர்ட்

பாத்ரூம் விஷயத்தில் சொந்தக் காரும் பெரிதாக உதவாது துரை. விக் தாண்டினால் ஊர்களுக்கு நடுவே பெட்ரோல் பங்க் ரொம்பத் தூரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நிறுத்திவிடுவதுதான் வழி. டேங்க் பாதியானாலே நிரப்பிக்கொள்ளுங்கள். பல பங்க்குகளில் ஆளே இருக்க மாட்டார்கள், மெஷினில் கார்டு செருகி நாலு இலக்க பின் போட வேண்டும். பின் நினைவில்லாத கிரெடிட் கார்டை வைத்துக்கொண்டு நடுக்காட்டில் நிற்காதீர்கள். 'பென்சின்' என்றால் பெட்ரோல், உங்கள் வண்டி எது என்று மூடியில் பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

அருவிகளிலும் பார்க்கிங்குக்குக் காசு. தடுப்போ ரசீதோ இருக்காது, கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். 'பார்க்கா' செயலியில் கட்டலாம். கட்டாமல் வந்தால் அதுவும் கம்பெனி வழியாகப் பின்னாலேயே வரும்.

பஸ் பற்றிய உங்கள் அப்பாவின் யோசனை மோசமில்லை. தெற்குக் கரைக்கு ஒரு நாள் பஸ்ஸில் போய், ரெய்க்யவிக் பக்கத்து இடங்களுக்கு மட்டும் கார் எடுப்பவர்களும் உண்டு.

சேலத்துக்காரன்

வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்தாச்சு. லீவை இன்னும் நீட்டி மொத்தம் ஒன்பது ராத்திரி. வட்டச் சாலைதான், ஆனால் தெற்கே விக், தென்கிழக்கே ஹொஃப்ன், வடக்கே அகுரேரி மூன்று ஊர்களிலும் இரண்டிரண்டு ராத்திரி. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளாக மட்டும் எடுக்கிறேன். ஹொஃப்ன் வந்ததும் வடக்கே வானிலை சரியில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுவோம் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆட்டோமேட்டிக், நாலு சக்கர இழுவை, நடுத்தர அளவு, பூஸ்டர் இருக்கை. இப்போது எப்படி?

ரெய்க்யவிக்வாசி

இது திட்டம். காலையில் கிளம்புமுன் 'உம்ஃபெர்தின்' தளத்தில் சாலை நிலவரமும், 'வெதுர்' தளத்தில் காற்றும் பாருங்கள். சாலை வரைபடத்தில் சிவப்புக் கோடு என்றால் மூடியிருக்கிறது, தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனவர்களை மீட்கத் தன்னார்வலர்கள்தான் வீட்டிலிருந்து எழுந்து வர வேண்டும். அவசரத்துக்கு 112. 112 செயலியையும் போனில் போட்டு வையுங்கள். வண்டி எடுக்கும்போது குளிர்கால டயரா என்று கேளுங்கள். அக்டோபரில் வடக்குக் கணவாய்களில் பனி விழும், கோடை டயரோடு ஆகாது.

அகுரேரிக்குள் நுழையுமுன் வாத்லாஹெய்தி சுரங்கம் வரும். சுங்கச்சாவடி கிடையாது, ஒரு நாளுக்குள் இணையத்தில் நீங்களாகவே கட்ட வேண்டும். ரெய்க்யவிக் திரும்பும் வழியில் கடலுக்கடியில் போகும் ஹ்வால்ஃப்யோர்தூர் சுரங்கம் இலவசம், 2018-ல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

பனிக்காடு

தம்பி, வீதியில செம்மறி நிற்கும். தாய் ஒரு பக்கம், குட்டி மற்றப் பக்கம் எண்டால் குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும். செப்டம்பரில மலையிலிருந்து இறக்கிப்போடுவினம், எண்டாலும் தப்பி நிக்கிறது ஒண்டிரண்டு இருக்கும். அடிச்சால் பெரும்பாலும் நட்டஈடு ஓட்டினவர் தலையிலதான். அப்பாவை நல்லாப் பார்த்துக்கொள்ளுங்கோ.

சேலத்துக்காரன்

சரிங்க அண்ணா. கடைசியாக ஒன்று. ஹொஃப்னிலிருந்து கிழக்கே இருக்கும் எகில்ஸ்தாதிர் ஊருக்குப் போக மேப்பில் போட்டால் 939 என்று ஒரு குறுக்கு வழி காட்டுகிறது. நிறையவே மிச்சம். அதில் போகலாமா?

ரெய்க்யவிக்வாசி

அது ஓக்ஸி கணவாய். 500 மீட்டருக்கு மேலே ஏறும் செங்குத்தான சரளைச் சாலை, அடிக்கடி மூடுபனி, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். அந்தப் பக்கம் வேண்டாம். ஒன்றாம் எண் சாலை கடலோரமாகவே போகிறது, 2019-லிருந்து முழுக்கத் தார்தான். மேப்பில் ரெய்தார்ஃப்யோர்தூரை நடுவில் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள், 939-க்குள் இழுக்காது. அந்த ஊரில் பெட்ரோல் பங்க்கும் இருக்கிறது.